பாவம் எவர் வாய்ச் சொல்?

தமிழில் பாவம் என்னும் சொல்லுக்கு இரு முகம் உண்டு. தகாதன செய்தவனைப் பாவி என்று பழிப்பதும் அச்சொல்லால்தான். துன்பத்தில் கிடப்பவனைக் கண்டு ‘பாவம்!’ என்று இரங்குவதும் அச்சொல்லால்தான். ஆங்கிலச் சொல்லுக்கோ முதல் முகம் மட்டுமே உண்டு. மனத்துயரோடு நாடி வருவோர்க்கு வழிகாட்டும் கிறித்துவப் பணியில் அந்த ஒருமுகச் சொல்லுக்கு இடம் உண்டா, இல்லையா என்னும் வழக்கு அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. குருமார் தமக்குள் நடத்தும் வழக்கு என்று அதனை ஒதுக்கிவிடலாகாது. பிறர் குறையைச் சுட்டும் உரிமை எவர்க்கு, எப்போது உண்டு என்னும் அறநூல் வினா அதன் அடியில் கிடக்கிறது. மாணாக்கரைத் திருத்தும் கடமை பூண்டவர்க்கு அவ்வினா புறம்பானதன்று.

1942-இல் கார்ல் ராஜர்ஸ் என்னும் உளநூலார் வெளியிட்ட நூல், வந்தவரைத் தீர்ப்பிடாமல் அவர் சொல்வதைச் செவிமடுத்து, வழியை அவரே காணச் செய்வதுதான் முறை என்றது. குருமாரைப் பயிற்றும் கல்லூரிகளிலும் அம்முறை பரவியது. கேட்கும் செவி வளர்ந்தது. பாவம் என்னும் சொல் மெல்ல விலகியது.

விலகிய சொல்லை மீட்டு வந்தவர் ஒரு குரு அல்லர் என்பதே வியப்பு. ஹோபர்ட் மௌரர் இல்லினாய் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர். அமெரிக்க உளநூற் சங்கத்தின் 1954-ஆம் ஆண்டுத் தலைவர். 1960-இல் அச்சங்கத்தின் ஏட்டில் அவர் எழுதிய கட்டுரை, பாவி, நோயாளி என்னும் இரு பெயர்களில் பாவி என்பதே தீமை குறைந்தது என்று வாதிட்டது. நோயாளி என்று பெயர் சூட்டப்பெற்றவன் பிறர் கையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். பாவி எனத் தன்னை உணர்ந்தவனோ எழுந்து ஏதேனும் செய்யலாம். மிகக் கடுமையான மனச்சான்றே மக்களை வாட்டுகிறது என்று பிராய்டு வழியினர் கூற, செய்ததும் செய்ததை மறைத்ததுமே வாட்டுகின்றன என்றார் மௌரர். கடவுட் கொள்கையை அவர் இதற்குத் துணைக்கு அழைக்கவில்லை. உடன் வாழ்வோர்க்கு இழைத்த துரோகமே அவர் கருதிய பாவம்.

நூலறிவு மட்டுமன்று, பட்டறிவும் அவரை அவ்வாறு பேச வைத்தது. வாழ்நாள் முழுதும் மனச்சோர்வு அவரைத் தொடர்ந்தது. 1953-இல் அதன்பொருட்டே மருத்துவமனையில் தங்கினார். பின்னர் அவர் கண்ட சிறு குழுக்களில் ஒரு வழக்கம் இருந்தது. குழுத் தலைவர் பிறரைக் கேட்குமுன் தம் குற்றத்தைத் தாமே வெளியிட வேண்டும். மௌரர் எழுதியவற்றுள் இவ்வழக்கத்துக்கு ஈடான நுட்பம் பிறிதில்லை. ஆயினும், அறிக்கையிடுதல் எல்லாத் துயரையும் போக்கும் மருந்து அன்று என்பதும் ஈண்டு மறைக்கற்பாலதன்று. 1982-இல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

1965-ஆம் ஆண்டுக் கோடையில் மௌரரிடம் பயில வந்தவர் ஜே ஆடம்ஸ் என்னும் இறைநூற் பேராசிரியர். இல்லினாயில் இரு அரசு மனநல மருத்துவமனைகளில் மௌரர் குழுக்களை நடத்திய முறையை உடனிருந்து கண்டார். அதன் பயனாக 1970-இல் வந்த அவரது நூலின் பெயரைத் தமிழில் ‘புத்தி சொல்ல வல்லவர்’ எனலாம். உரோமர்க்குப் பவுல் எழுதிய நிருபத்திலிருந்து பிறந்த பெயர் அது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லைத் தமிழ் விவிலியம் ‘புத்தி சொல்லுதல்’ என்றே பெயர்த்திருக்கிறது. உடற்கோளாறு காரணமாக வருவன நீங்கலாக, மனநோய் எனப்படுவனவற்றுள் பெரும்பாலன தீர்க்கப்படாத வாழ்க்கைச் சிக்கல்களே என்றும், அவற்றுக்குத் தீர்வு அன்போடு நேர்நின்று தவற்றை எடுத்துக் கூறுதலே என்றும் ஆடம்ஸ் சாதித்தார். மௌரர் கடவுளை விட்டுவிட்டார் என்று அவரையும் மறுத்தார்.

நூல் தெளிவானது, துணிவானது, பொறுப்பைத் தட்டிக் கழிப்பாரைத் தட்டி எழுப்புவது. ஆனால், மௌரரிடமிருந்து ஆடம்சிடம் வரும்போது ஒரு பெரும் மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்துவிடுகிறது. மௌரர் குழுவில் பாவம் என்பது சொல்பவன் தன்னைப் பற்றிச் சொல்வது. ஆடம்ஸ் அறையில் அது எதிரில் இருப்பவனைப் பற்றிச் சொல்வது. தன்மை முன்னிலையாகிவிட்டது. இலக்கணம் பயிற்றுவோர்க்கு இதன் எடையை விளக்க வேண்டுவதில்லை.

குழுவாகக் கூடிப் பேசும் முறையையும் ஆடம்ஸ் ஏற்கவில்லை. அவ்விடத்தில் இல்லாதார் மீதும் பழி பேசப்படும் என்பது அவர் கூறிய காரணம். அது நேர்மையான காரணமே. எனினும், முறையைத் தள்ளியபோது, வழிகாட்டுவோனே முதலில் தன் குறையைச் சொல்லும் வழக்கமும் உடன் தள்ளுண்டு போயிற்று.

ஆடம்ஸ் காட்டும் சான்றுகளில் ஒன்றே அவர்க்கு எதிராகத் திரும்புகிறது. தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் கொல்வித்தபின், நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் சென்றான். சென்றவுடன் குற்றம் சாட்டவில்லை. மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த செல்வன் ஒருவன், ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொன்னான். சினந்து எழுந்த அரசன், அச்செல்வன் சாகத் தக்கவன் என்று தீர்ப்பளித்தான். தீர்ப்பு முதலில் பிறந்தது தாவீதின் வாயில். அந்த மனிதன் நீயே என்று நாத்தான் கூறியது அதன் பிறகுதான். எடுத்துரைத்தலின் ஆற்றலுக்கு இக்கதையைச் சான்றாகக் கொண்ட ஆடம்ஸ், அதில் உள்ள காத்திருத்தலைப் போதிய அளவு எண்ணவில்லை.

இவ்விருவர்க்கும் பிறகு 1973-இல் ‘பாவத்துக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்டார் கான்சாஸ் மாநிலத்து மனநோய் மருத்துவர் கார்ல் மென்னிங்கர். பாவமாயிருந்தது சட்டத்தின் கையில் குற்றமாகவும், மருத்துவர் கையில் நோய்க்குறியாகவும் மாறிப் போனமையால், எவரும் எதற்கும் பொறுப்பாளி அல்லர் என்னும் நிலை வந்துவிட்டது என்பது அவர் கவலை. இவர் தண்டனை வேட்கை கொண்டவர் அல்லர். 1968-இல் எழுதிய நூலில், தண்டிப்பதே ஒரு குற்றம் என்று கூறியவர். பலர் சேர்ந்து செய்யும் தீமைகளையும் பாவக் கணக்கில் சேர்த்த சிறப்பும் இவர்க்கு உண்டு. தனியறையில் அழுது கொண்டிருப்பவன் மட்டும் பாவி ஆகாமல் அது காத்தது.

இவை ஏட்டு வாதங்கள் மட்டும் அல்ல. கலிபோர்னியாவில் திருச்சபை ஒன்றின் போதகர்களிடம் அறிவுரை பெற்றுவந்த இளைஞர் ஒருவர் 1979-இல் தற்கொலை செய்துகொண்டார். குற்றவுணர்வை அவ்வறிவுரை மிகுவித்தது என்பது பெற்றோர் தொடுத்த வழக்கு. மருத்துவரை நாடுமாறு போதகர்கள் சொன்னதும் பதிவில் உண்டு. மருத்துவரிடம் அனுப்பும் சட்டக் கடமை அத்தகைய போதகர்க்கு இல்லை என்று 1988-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் விடுவித்தது. ஆனால், சட்டக் கடமை இல்லாத இடத்தில் அறக்கடமையும் இல்லை என்று ஆகிவிடாது. உள்ளம் ஏற்கெனவே தன்னைத் தின்று கொண்டிருப்பவன் முன் பாவம் என்னும் சொல்லை வைப்பவர், அவன் நோயையும் அறியக் கடமைப்பட்டவர்.

விவிலியமே இதில் எச்சரிக்கை செய்திருக்கிறது. யோபுவின் நண்பர் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் பேசாமல் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து, நீ பாவம் செய்யாமலா இத்துயர் வந்தது என்று துருவத் தொடங்கியபின் கெட்டார்கள். இறுதியில் கடவுளின் கடிந்துரை விழுந்தது அம்மூவர் மேல். பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றவரோ என்று சீடர் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார்.

ஆடம்ஸ் 2020-இல் மறைந்தார். அவர் 1968-இல் தொடங்கிய நிறுவனத்திலேயே வளர்ந்த டேவிட் பௌலிசன் (1949–2019), வருபவன் பாவம் செய்பவன் மட்டுமல்லன், துன்பப்படுபவனும் ஆவான் என்று வற்புறுத்தி எழுதிவந்தார். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவர்க்கு இரண்டு சொற்கள் வேண்டியிருந்தன.