அமைதிக்கு நேரம் யார் தருவது?

கோட்டூர்புரத்தில் இருப்பவருக்கு மன அமைதிக்கான வழிகள் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பாலத்தைத் தாண்டினால் கிரீன்வேஸ் சாலையில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் வசந்த விகார். ஆற்றை ஒட்டிக் கிழக்கே போனால், 1882இல் அடையாறில் குடியேறிய பிரம்மஞான சபையின் தோட்டம். 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் நடந்துபோகும் தொலைவு. திருமுடிவாக்கத்தில் கட்டணமே வாங்காமல் பத்து நாள் விபாசனா சொல்லித்தருகிறார்கள். இத்தனை இருந்தும், ஏன் போவதில்லை என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: நேரமில்லை. அதைச் சாக்கு என்று ஒதுக்கிவிடுவது தியானம் கற்பிப்பவர்களின் வழக்கம். அது சாக்கு அல்ல, உள்ளபடியான காரணம் என்பதே என் வாதம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இதே விஷயம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அது விளங்கும்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், அரசு விடுமுறை. அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை திறப்பதில்லை. விடியும்போதே வெள்ளைச் சேலையிலும் வெள்ளைச் சட்டையிலும் ஆட்கள் விகாரைக்குப் போய்ச் ‘சில்’ எடுக்கிறார்கள். வழக்கமான ஐந்து சீலங்களோடு, நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல் அலங்காரங்களைத் தவிர்த்தல், உயர்ந்த படுக்கையை விடுதல் என்று எட்டு நோன்புகளை அந்த நாள் முழுக்கக் காக்கிறார்கள். இடையில் ‘பண’ எனப்படும் அறவுரை, இடையில் தியானம், மற்ற நேரம் மரத்தடியில் சும்மா இருத்தல். இந்த வழக்கத்துக்கு நம் அடையாறோடு ஓர் உறவும் உண்டு. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஆல்காட் 1880இல் காலியில் பஞ்சசீலம் ஏற்றவர். ஆங்கில அரசிடம் அவர் வாதாடியதும் சேர்ந்துதான் 1885இல் வெசாக் பௌர்ணமி விடுமுறையாயிற்று. பின்னாளில் இலங்கை இன்னும் துணிந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையையே எடுத்துவிட்டு, நிலவின் நான்கு கட்டங்களை வார விடுமுறையாக வைத்துப் பார்த்தார்கள். உலக வணிகத்தோடு நாள் பொருந்தாமல் அது நின்றுபோனாலும் பௌர்ணமி நிலைத்தது.

இதைச் சென்னையோடு ஒப்பிடும்போது முறையின் வேறுபாட்டைப் பெரிதாக்கத் தேவையில்லை. கொழும்புக்கு அருகே 1956இல் தொடங்கிய கந்துபொட மையத்தில் கற்பிப்பது மகாசி சயாடோவின் முறை. திருமுடிவாக்கத்தில் கற்பிப்பது, 1969இல் கோயங்கா இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஊ பா கின்னின் முறை. குருமரபு வேறானாலும் இரண்டும் பர்மாவிலிருந்து வந்தவை, இரண்டும் இல்லறத்தாருக்கும் திறந்தவை. ஆனால் கோயங்காவின் வகுப்புக்குப் பத்து நாள் முழுதாகத் தேவை. பேச்சு கூடாது, கைபேசியை ஒப்படைக்க வேண்டும். பணம் கேட்காத அந்த வகுப்பு கேட்பது விடுப்பை. மாதச் சம்பளக்காரருக்கே அது கடினம், நாலு வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கோ நடக்காத காரியம். இதைத் தமிழ்நாட்டில் நன்றாகப் புரிந்துகொண்டவர் வேதாத்திரி மகரிஷி. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவருக்கு நேரத்தின் விலை தெரியும். அதனால்தான் அவருடைய மனவளக்கலை தெருவோர மன்றங்களுக்கு வந்தது. சினம் தவிர்த்தல், ஆசை சீரமைத்தல், கவலை ஒழித்தல் என்று அன்றாடக் குடும்பச் சிக்கல்களையே பாடமாக்கியது. நம் பக்கத்து முயற்சிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். இருந்தாலும் அங்கும் நேரத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டியவர் தனி மனிதரே. ஏகாதசி விரதமும் திருவண்ணாமலைக் கிரிவலமும் நம்மிடம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் இரவெல்லாம் மலையைச் சுற்றிய சென்னைவாசி விடியற்காலைப் பஸ்ஸில் திரும்பி, கண் எரிய எரிய அலுவலகம் போகிறார்.

வலுவான மறுப்பு வேறொன்று. மாதந்தோறும் சில் எடுக்கும் நாட்டில்தானே இருபத்தாறு ஆண்டுப் போர் நடந்தது? 1978 அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை தரும் நாட்டில், போயா விடுமுறை என்பது தமிழர்மீதும் முஸ்லிம்கள்மீதும் ஏற்றிய பெரும்பான்மையின் நாள்காட்டி இல்லையா? இதை மழுப்ப நான் விரும்பவில்லை. பொது விடுமுறை மனத்தைப் பண்படுத்தும் என்று யாரும் உறுதி தர முடியாது. வெள்ளுடை உடுத்திய கூட்டத்துக்குள் வெறுப்பும் உட்கார்ந்திருக்கலாம். நாள் என்பது வாசல் மட்டுமே. ஆனால் வாசலின் தேவையைத் தமிழ்ச் சைவரும் உணர்ந்தே இருந்தார்கள். நல்லூர்ச் செல்லப்பா சுவாமிகளின் சீடரான யோகர் சுவாமிகள், கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியம் பார்த்தவர். பின்னர் கொழும்புத்துறையில் அவர் வாழ்ந்த சிறு குடிலில் பாடத்திட்டமோ பயிற்சிக் கட்டணமோ இல்லை. வழக்கறிஞரும் விவசாயியும் வேலை முடிந்து அங்கே போய் உட்கார்ந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அந்தக் குடில் போதுமான வாசலாக இருந்தது, அரசு ஆணை எதுவும் இல்லாமலே.

கிருஷ்ணமூர்த்தி இந்த வாதம் முழுவதையும் மறுத்திருப்பார். நேரம் ஒதுக்கி, முறை வைத்துச் செய்வது தியானமே அல்ல என்பது அவர் நிலை. பாத்திரம் தேய்க்கும்போதும் கவனம் இருக்கலாம் என்ற அளவில் அது சரிதான். ஆனால் அவரே பல குளிர்காலங்களில் வசந்த விகாரில் பேசினார். 1986 ஜனவரியில் அங்கே ஆற்றிய உரைகளே அவருடைய கடைசிப் பொது உரைகள். எந்த அமைப்பும் வேண்டாமென்றவர் தம்மை அறியாமலே இந்த ஊருக்கு ஒரு பருவத்தைத் தந்துவிட்டார். மரத்தடியில் பேசாமல் காத்திருந்த அந்த மாலைகள் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான நேரம். அதற்கும் முன்பிருந்தே சென்னைக்குத் தெரிந்த பொது நேரம் மார்கழி. அந்த மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை. மயிலாப்பூர் மாட வீதிகளில் இருட்டு பிரியுமுன் பஜனை, வாசலில் கோலம், கோயிலில் திருப்பாவை. எழுந்திரு என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, தெருவே எழுப்பிவிடுகிறது. அந்த முப்பது நாளுக்கு அரசு விடுமுறை கிடையாது, சேர்க்கைப் படிவம் கிடையாது, குருவும் கிடையாது. தை பிறந்ததும் கோட்டூர்புரத்து அடுக்குமாடியில் அந்த விடியற்காலை ஒவ்வொரு வீட்டின் கைபேசி அலாரத்துக்குள் தனித்தனியாகத் திரும்பிப் போய்விடுகிறது.