பைத்தியமும் விளைச்சலும்

ஒருவனுக்குப் புத்தி சரியில்லை என்று சொல்ல நம்மிடம் வார்த்தைப் பஞ்சம் கிடையாது. பித்தன், கிறுக்கன், பேயன், வெறியன், அரைக்கிறுக்கு. தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் போனால் கோட்டி. பட்டணத்தில் லூசு, மெண்டல், கிராக்கு. போதாக்குறைக்கு, மனநோய் மருத்துவமனை இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காகக் கீழ்ப்பாக்கத்தின் பெயரையும் வசவாக்கி வைத்திருக்கிறோம்.

இவற்றில் 'பைத்தியம்' என்பது வைத்தியர் வீட்டிலிருந்து வந்த சொல். பித்தம் மிஞ்சினால் வருவது பைத்தியம். வாதம், கபம் போல அதுவும் உடம்பின் சமாசாரமாகத்தான் இருந்தது. ஆனால் நாம் அதைப் பிரயோகிக்கும் விதத்தில் எழுதாத இலக்கணம் ஒன்று இருக்கிறது. முன்னால் ஒரு பொருளைச் சேர்த்தால் பைத்தியம் பாராட்டாகிவிடும். சங்கீதப் பைத்தியம், புஸ்தகப் பைத்தியம், காப்பிப் பைத்தியம் என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே வாயில் ஒரு சிரிப்பு வரும். அந்த முன்சொல்லை எடுத்துவிட்டு வெறும் பைத்தியம் என்று சொன்னால் அது தீர்ப்பு. மேல் முறையீடு இல்லாத தீர்ப்பு.

இந்த இலக்கணத்தைச் சோதித்துப் பார்க்க உடையார்பாளையத்தைவிடத் தோதான ஊர் எனக்குத் தோன்றவில்லை. அந்த ஜமீனின் ஆதரவில் வாழ்ந்தவர் கனம் கிருஷ்ணையர். தஞ்சாவூருக்கு வந்த பொப்பிலி கேசவையா கன மார்க்கத்தில் பாடியதைக் கேட்டு, அந்தக் கடினமான வித்தையைத் தாமும் சாதகம் செய்து கைவசப்படுத்தி, அதையே பெயருக்கு முன்னால் அடையாளமாகப் பெற்றவர். அவரிடம் சங்கீதம் பயின்றவர் அவருடைய உறவினரான வேங்கடசுப்பையர். வேங்கடசுப்பையரின் பிள்ளைதான் உ. வே. சாமிநாதையர். உடையார்பாளையத்துச் சங்கீதப் பைத்தியம் ஒரு தலைமுறை தாண்டித் தமிழ்ப் பைத்தியமாக மாறிய கதையை 'என் சரித்திர'த்தில் படிக்கிறோம்.

அந்தப் புஸ்தகத்தைப் பாராட்டுகிறவர்கள் எல்லாரும் ஏடு தேடிய படலத்தையே பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது முன் பகுதி. பையனுக்குத் தமிழ் மேல் ஆசை என்பதற்காக அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஆசிரியர்களைத் தேடிக் குடும்பத்தை நடத்திக்கொண்டு போனார் அந்தத் தகப்பனார். கதைப் பிரசங்கம் செய்து கிடைத்ததில் சோறு. பிள்ளை சங்கீதமும் கற்க வேண்டும் என்பது அவருடைய சொந்த ஆசை. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே பிள்ளை பாட்டுக் கற்கத் தொடங்கினான். தமிழாசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்காததால் பாட்டு நின்றது. பிள்ளையின் பித்து 1887-ல் சீவக சிந்தாமணியாகவும், 1892-ல் சிலப்பதிகாரமாகவும், 1894-ல் புறநானூறாகவும் அச்சேறியது. மகாமகோபாத்தியாயர் என்ற பட்டமும் வந்தது. தகப்பனார் பித்துக்குப் பட்டம் ஏது? 'என் சரித்திரம்' நல்ல புஸ்தகமாவது இங்கேதான். பித்து, வெறி என்று எழுத்தில் ஆவேசம் காட்டாமல், எந்த ஊரில் யார் அரிசி கொடுத்தார்கள் என்பதை அது ஞாபகம் வைத்துக்கொண்டு சொல்கிறது. ஒருவனுடைய பைத்தியத்துக்கு அடுத்தவர் கொடுக்கும் விலையை எழுதத் தெரிந்தவனே அதை எழுதத் தகுந்தவன் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில் இந்த விலை வேறு விதமாகக் கணக்காகிறது. சேக்கிழாரின் நந்தனாருக்கு வேதியர் எஜமானர் கிடையாது. பாரதியார்தான் அவரைக் கொண்டுவந்தார். அற்புதமான கற்பனை அது. சிதம்பரம், சிதம்பரம் என்று நந்தன் புலம்புவது சேரிப் பெரியவர்களுக்கும் புரியவில்லை, நிலத்துக்காரருக்கும் புரியவில்லை. நந்தனுக்கு இருப்பது சிதம்பரப் பித்து. வேதியர் அந்தச் சிதம்பரத்தை நீக்கிவிட்டு வெறும் பித்தை மட்டும் பார்க்கிறார். வேலைக்காரன் ஆசைப்படக் கூடாத ஒன்றுக்கு ஆசைப்பட்டால் எஜமானுக்கு அது புத்திக் கோளாறாகத்தான் தெரியும். இந்த இடம்வரை பாரதியார் பெரிய கலைஞர். பிறகு நாற்பது வேலிப் பயிர் ஒரே இரவில் விளைந்துவிடுகிறது. வேதியர் காலில் விழுகிறார். எனக்குக் குறைபாடு இங்கேதான். பயிர் விளையாமல் போயிருந்தால்? நந்தன் கடைசிவரை பைத்தியமாகவே நின்றிருப்பான். வேதியருக்கும் தம்முடைய வார்த்தையைத் திரும்பிப் பார்க்கும் அவசியம் வந்திராது. அற்புதம் நந்தனைக் காப்பாற்றியது. அவனை விளைச்சல் பார்த்து மதிக்கும் நம் வழக்கத்தையும் சேர்த்தே காப்பாற்றிவிட்டது.

சங்கப் புலவர்கள் இதைவிடக் கறாராக இருந்தார்கள். குறிஞ்சித் திணையில் மகள் மெலிவதைக் கண்ட தாய், முருகன் அணங்கினான் என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். காரணம் மலைநாட்டுக் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். வெறி பிடித்தவளாக எண்ணப்படுகிற பெண்ணுக்குப் புத்தி தெளிவாகவே இருக்கிறது, தெரியாதது தாய்க்கு. பெரிய புராணத்தில் இன்னும் ஒரு படி மேலே. கல்யாணப் பந்தலில் வந்து வழக்காடிய கிழவரைப் பித்தன் என்றார் சுந்தரர். அந்த வசவையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார் கிழவராக வந்த சிவபெருமான். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். நம் பக்தி இலக்கியம் வசவுகளைப் பொறுக்கி எடுத்துத் தலையில் சூடிக்கொண்ட இலக்கியம்.

ஆனால் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிட முடியவில்லை. பித்தனைத் தெய்வமாக்கிய நாட்டில்தான், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து இருபத்தெட்டுப் பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைத்திருந்ததால் பலரால் ஓட முடியவில்லை. அவர்கள் யாருக்கும் முன்சொல் கிடையாது. சங்கீதமோ சிதம்பரமோ அவர்கள் பைத்தியத்துக்குக் கௌரவம் சேர்க்கவில்லை. வைத்தியம் வேண்டிய வெறும் நோயாளிகள் அவர்கள்.

இன்றைய பிள்ளைகள் நல்ல ஆட்டத்தை 'வெறித்தனம்' என்கிறார்கள். நண்பனைச் செல்லமாக 'லூசு' என்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. சொற்கள் அப்படித்தான் இடம் மாறும். ஆட்சேபம் எல்லாம் எங்களைப் போன்ற கதைக்காரர்கள்மேல்தான். கதை நகரவில்லை என்றால் தெருமுனையில் ஒரு பைத்தியக்காரனை உட்கார்த்தி, யாருக்கும் தெரியாத உண்மையை அவன் வாயால் சொல்ல வைக்கிறோம். அவனைக் குளிப்பாட்டுகிற தங்கையை, கஞ்சி ஊட்டுகிற கிழவியை எழுதுவதில்லை. விளைச்சல் தராத பித்தனுக்கும் வீட்டில் இலை போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.