குரலைத் தணித்தால் போதுமா?

தன்னுறுதிப் பயிற்சி இன்று அலுவலகங்களில் ஒருநாள் வகுப்பாகச் சுருங்கிவிட்டாலும், அது பிறந்தது மனநல சிகிச்சையில். 1949-இல் ஆண்ட்ரூ சால்ட்டரும் 1958-இல் ஜோசப் வோல்பேயும், அச்சத்தால் வாயடைத்துப் போனவர்களை மனத்தில் உள்ளதைச் சொல்லப் பழக்குவதையே மருந்தாக முன்வைத்தார்கள். 1970-இல் ராபர்ட் ஆல்பர்ட்டியும் மைக்கேல் எம்மன்ஸும் எழுதிய நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. இந்த மரபு வகுத்த வேறுபாடு எளியது: தன் உரிமைக்காக நிற்பது தன்னுறுதி, அதற்காக அடுத்தவர் உரிமையை மிதிப்பது அடாவடி.

இதன் பலம் புழக்கத்தில் தெரியும். காலையிலிருந்து நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் ஜவுளிக்கடைப் பெண் வலியை விழுங்கிக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒரு நாளில் சூப்பர்வைசரை நாலு பேர் முன்னால் திட்டித் தீர்க்கலாம். அல்லது, "கால் வீங்குது சார், கஸ்டமர் இல்லாதப்ப பத்து நிமிஷம் உட்காரணும்" என்று சொல்லலாம். முதலாவதில் தேவை வெளியே வருவதேயில்லை. இரண்டாவதில் திட்டியதே பேச்சாகித் தேவை மறந்துபோகிறது. மூன்றாவதில்தான் மறுப்பவர் அந்தத் தேவைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோபப்படாதே என்பதல்ல, கோபத்தைக் கோரிக்கையாக்கு என்பதே பயிற்சியின் சாரம்.

ஆனால் சொல்பவரின் தொனியைத் திருத்தும் இந்தப் பயிற்சி, கேட்பவரின் காதைத் தொடுவதில்லை. முதலாளி சொன்னால் கறார். அதையே தொழிலாளி சொன்னால் திமிர், பெண் சொன்னால் வாய்த்துடுக்கு. அடாவடி என்ற முத்திரை பல நேரம் ஆளைப் பார்த்தே குத்தப்படுகிறது. மறுத்தாலும் குரல் உயர்த்தாமல் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல் என்று 1975-இல் மானுவல் ஸ்மித் கற்றுத்தந்த உத்தி, பழுதான பொருளைத் திருப்பித் தரும் வாடிக்கையாளருக்கு உதவும். விற்பனைப் பெண் மூன்றாம் முறை சொன்னால் வேலையே போகலாம். அங்கே தனிக்குரல் போதாது, கூட்டுக்குரல் வேண்டும். கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 2018-இல் கேரளம் கடை ஊழியர்களின் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021-இல் தமிழ்நாடும் அதைச் செய்தது.

சட்டம் வந்தபின் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். கடையில் நாற்காலி போட்டாலும் முதலில் ஒருவர் துணிந்து உட்கார வேண்டும். அந்தத் துணிவைச் சட்டம் தராது. தன்மையாகக் கேட்டு எது கிடைத்தது, சத்தம் போட்டதால்தானே கிடைத்தது என்பது இன்னொரு வாதம். சத்தம் போட்டது உண்மைதான். ஆனால் பெண்கூட்டுப் பெண்கள் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை; ஊழியரை நிற்கவைத்தே தீருவது எந்த முதலாளிக்கும் உரிமையல்ல. ஆகவே அளவுகோல் ஒலியல்ல, யாருடைய உரிமை மிதிபட்டது என்பதே. அந்த அளவுகோலை முதலில் கற்க வேண்டியவர்கள் சூப்பர்வைசர்கள். பயிற்சி வகுப்பில் அவர்களையும் உட்காரவைக்காதவரை, அது பலவீனமானவர்களுக்கு மட்டும் சொல்லப்படும் நன்னடத்தைப் பாடமாகவே இருக்கும்.