எண்ணிக்கையும் எண்ணமும்: வளரும் நாடுகளின் கருவள அளவாய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

வளரும் நாடுகளில் மகப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு குறித்த தேசிய அளவாய்வுகள் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையவை. 1972-இல் தொடங்கப்பெற்ற உலகக் கருவள அளவாய்வு நாற்பதுக்கும் மேற்பட்ட வளரும் நாடுகளில் நிகழ்ந்தது. தீபகற்ப மலேசியாவில் 1974-இல் நடைபெற்ற அளவாய்வு அதன் ஒரு பகுதியாகும். 1984 முதல் அப்பணியை மக்கள்தொகை, நலவாழ்வு அளவாய்வுத் திட்டம் தொடர்ந்தது. இந்தியாவின் தேசியக் குடும்ப நல அளவாய்வும் இம்மரபினதே.

இவை திரட்டும் தரவுகள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. ஒரு பெண் எத்தனை குழந்தைகளை எப்போது பெற்றார், அவர்களுள் எத்தனை பேர் உயிருடன் உள்ளனர் என்பன நிகழ்ந்த செய்திகள். பிறப்புப் பதிவு முழுமை பெறாத நாடுகளில் இம்மகப்பேற்று வரலாறே சிறந்த சான்று. இந்தியாவின் மொத்தக் கருவள வீதம் 1992-93-இல் 3.4 ஆக இருந்து 2019-21-இல் 2.0 ஆகக் குறைந்தமையை இவ்வழியிலேயே அறிகிறோம்.

விருப்பத்தை அளக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. குழந்தை பிறவாத காலத்திற்குத் திரும்பிச் செல்ல முடிந்தால் மொத்தம் எத்தனை குழந்தைகளை விரும்புவீர்கள் என்பது வழக்கமான வினா. தமிழகச் சிற்றூர்ப் பெண்ணொருவர் இதற்கு, 'அது நம் கையிலா இருக்கிறது?' என்று மறுமொழி கூறுவாராயின், அது அறியாமையன்று, அவருடைய உலகநோக்கு. அளவாய்வோ அதனை 'எண் அல்லாத விடை' எனத் தனியே ஒதுக்குகிறது. பிறந்துவிட்ட குழந்தையை 'வேண்டாதது' எனச் சொல்லத் தாய்மார் தயங்குவதும் இயல்பே.

'நிறைவேறாத தேவை' என்னும் கருத்தாக்கம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கருத்தரிக்கும் வாய்ப்பிருந்தும், இனிக் குழந்தை வேண்டாம் அல்லது ஈராண்டேனும் கழியட்டும் என்று கூறி, கருத்தடை முறை எதனையும் கையாளாத பெண்கள் இத்தேவை உடையோராகக் கணக்கிடப்படுகின்றனர். கருத்தடை வேண்டும் என்று அவர்கள் கூறியிருக்க வேண்டுவதில்லை. பல விடைகளை இணைத்து ஆய்வாளர் வருவித்த முடிவு, பெண்களின் கோரிக்கையாகத் திட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுவிடுகிறது.

இதன் இடரைப் பஞ்சாபில் 1950களில் நடைபெற்ற கன்னா ஆய்வு முன்னரே உணர்த்தியது. அது தேசிய அளவாய்வன்று. ஆயினும் அதன் படிப்பினை பொதுவானது. சிற்றூரார் கருத்தடை மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டனர். ஆயின் பலர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. அவ்வூர்களுள் ஒன்றான மனுப்பூரைப் பின்னர் ஆராய்ந்து மஹ்மூத் மம்தானி 1972-இல் வெளியிட்ட நூல், வந்தவர் மனம் நோகாதிருக்கவே அவர்கள் பெற்றுக்கொண்டனர் எனக் காட்டியது. உழவுக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் உழைப்பு தேவைப்பட்டது. 'ஆம்' என்ற விடை அங்கே உடன்பாடன்று, விருந்தோம்பல்.

இதனால் விருப்ப வினாக்களையே நீக்குதல் தகாது. கேளாதொழியின், பெண்ணின் குரல் கொள்கை வகுப்போரை எட்டும் வழிகளுள் ஒன்று அடைபடும். 2025-இல் அமெரிக்க அரசு மக்கள்தொகை, நலவாழ்வு அளவாய்வுத் திட்டத்திற்கான நிதியை நிறுத்தியது. இந்நிலையில் நாடுகள் தத்தம் வினாநிரலைத் தாமே வகுக்கும் பொறுப்பு கூடியுள்ளது. எண் அல்லாத விடைகளையும் சொன்னவாறே பதிவுசெய்து, அவற்றின் பொருளை அம்மக்களின் மொழிவழக்கில் ஆராய்தல் இன்றியமையாதது. பிறப்புகளை எண்ணலாம், எண்ணங்களையோ கேட்டறிதல் வேண்டும்.