சம்பளப் பட்டியலில் வராத கணக்கு: கேரன் ஹோவின் புத்தகத்தை முன்வைத்து

கன்சல்டிங்கா, இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கா? அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகள் பலர் கேட்கிற கேள்வி இது. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சம்பளப் பட்டியல்தான். அதைத் தாண்டி யோசிக்க எனக்கு உதவிய புத்தகம், மானுடவியலாளர் கேரன் ஹோ 2009-இல் வெளியிட்ட 'லிக்விடேட்டட்'. நல்ல புத்தகம். ஆனால் அதோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கு.

முதலில் புத்தகம் என்ன சொல்லுது என்று பார்ப்போம். ஹோ 1996-இல் நியூயார்க்கின் பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அவருடைய குழுவைக் கலைத்துவிட்டார்கள். பிறகு ஆய்வாளராக வால் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பிப் போய் வங்கிக்காரர்களிடம் பேசினார். வேலை எந்த நேரமும் போகலாம் என்பதை அவர்கள் ஒரு குறையாக நினைப்பதில்லை. திறமைசாலிக்கான அடையாளமாகவே பார்க்கிறார்கள் என்கிறார். தாங்கள் அப்படி வாழ்வதால், மற்ற கம்பெனிகளும் ஆட்களை அப்படித்தான் நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆள்குறைப்பு எப்படி ஒரு நியாயமாகவே மாறிப்போனது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு புத்தகத்தை நான் படித்ததில்லை.

இப்போ என் சண்டை. பேங்கர்ஸ் டிரஸ்டில் ஹோ பார்த்ததே வங்கிக்குள்ளான கன்சல்டிங் வேலைதான். பிரின்ஸ்டன், ஹார்வர்ட் வளாகங்களில் வங்கிகளும் கன்சல்டிங் கம்பெனிகளும் போட்டி போட்டு ஆள் பிடிப்பதையும் எழுதுகிறார். அதற்குப் பிறகு கன்சல்டிங் ஏறக்குறையக் காணாமல் போய்விடுகிறது. வாசிக்கிறவருக்கு இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று தோன்றிவிடும்.

பணம் வரும் வழியைப் பாருங்கள். ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது, பேரம் முடிந்தால்தான் வங்கிக்குப் பெரிய கட்டணம். சந்தை படுத்தால் பேரம் இல்லை, போனஸ் இல்லை, ஆளும் வேண்டாம். 2008-இல் லேமன் பிரதர்ஸ் விழுந்தபோது, போனஸில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்காக வாங்கி வைத்திருந்தவர்களுக்கு வேலையோடு சேமிப்பும் போனது.

கன்சல்டிங்கில் பெரும்பாலும் எடுத்துச் செய்கிற வேலைக்கும் காலத்துக்கும் கட்டணம். இரண்டு மூன்று வருஷத்தில் மேலே ஏறாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். ஆனால் போகிறவர் நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் கம்பெனியில் அதிகாரியாக உட்கார்ந்து, பழைய கம்பெனியையே வேலைக்கு அழைக்கலாம். அதனால் மரியாதையாக அனுப்பிவைப்பதில் கம்பெனிக்கே லாபம். அதற்காகக் கன்சல்டிங் சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2023-இல் மெக்கின்ஸியும் சுமார் 1,400 பணியிடங்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ஆக, நிலையாமை இரண்டிலும் உண்டு. வருகிற திசைதான் வேறு. ஹோ சொல்கிற பண்பாடு மட்டும் இதை விளக்காது.

அடுத்தது நேரம். 2021-இல் கோல்ட்மன் சாக்ஸின் முதல் வருஷ அனலிஸ்டுகள் 13 பேர் தங்களுக்குள் ஒரு கணக்கெடுத்தார்கள். சராசரி, வாரத்துக்கு 95 மணி நேர உழைப்பு. அந்த வருஷமே அவர்கள் நிலைக்கான அடிப்படைச் சம்பளம் 85,000 டாலரிலிருந்து 1,10,000 ஆனது. வருஷத்துக்கு 50 வாரம் என்று போட்டால் மணிக்கு சுமார் 23 டாலர். போனஸ் சம்பளத்தில் பாதி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 35. கன்சல்டிங்கில் இதே அடிப்படைச் சம்பளத்துக்கு வாரம் 60 மணி நேரம் உழைப்பவருக்கு, போனஸ் இல்லாமலே சுமார் 37. தோராயக் கணக்குதான். வங்கியில் மேலே போகப் போக போனஸ் பெருகும். பத்து வருஷம் தாக்குப்பிடிப்பவருக்கு இது தலைகீழாகலாம். எத்தனை பேர் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதைத்தான் பட்டியல் சொல்லாது.

ஆகவே, கல்விக் கடனோடு வெளியே வருகிற பிள்ளை கேட்க வேண்டியது எங்கே அதிகம் என்பதை அல்ல. போனஸ் வராத ஒரு வருஷத்தில், வேலையும் போய்விட்டால், அடுத்த மாதத் தவணையை எதிலிருந்து கட்டுவேன் என்பதை. ஹோவின் புத்தகத்தை அந்தக் கேள்வியோடு படியுங்கள். கன்சல்டிங் பக்கத்தை மட்டும் நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.