காலடி முதல், கம்பு பிறகு: சிவகங்கைச் சீமையின் சிலம்பப் பாடம்

நம் சிலம்பச் சங்கத்தின் விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோதே, ‘சிலம்பத்தின் வகைகளும் இன்றைய தரமும்’ என்று தலைப்பையும் செயலாளர் தம்பி கொடுத்துவிட்டார். விளம்பரங்கள் நிறைய வந்திருப்பதால் நான்கு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. தலைவர் ஐயா போனில் கூப்பிட்டு, “மனசுல பட்டத எழுதுங்க, ஆளச் சொல்லி மட்டும் எழுதாதீங்க” என்றார். இரண்டு பேர் சொல்லையும் மதிக்கிறேன். தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம், நாகசீறல், பனையேறி மல்லு, கள்ளன்கம்பு என்று பெயர்களை அடுக்கி விளக்கம் சொல்ல வேண்டிய சபை இது இல்லை. எந்தக் கூடத்தில் எந்தப் பாடம், அதை எந்த வாத்தியார் எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதெல்லாம் நம் உறுப்பினர்களுக்கு மனப்பாடம். எது மூத்தது என்ற வழக்கு போன பொதுக்குழுவில் இரவு வரை ஓடியது. அதை இங்கேயும் கிளப்பினால் மலர் வெளிவராது. ஒன்று மட்டும் சொல்லலாம். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போனால் கம்பு தனியாக வராது. அடிமுறையும் வர்மமும் அதன் கூடவே வரும். அங்கே கம்பைக் கையில் வாங்குவதற்குள் உடம்பு ஒரு பக்குவத்துக்கு வந்திருக்கும். மதுரை வட்டாரத்தில் வீச்சுக்கு மதிப்பு அதிகம். எம்.ஜி.ஆர். படங்களில் நாம் வாயைப் பிளந்து பார்த்த சிலம்பத்தில் அந்த மண்ணின் வாசனை உண்டு. சிலம்ப வாத்தியார் மாடக்குளம் அழகிரிசாமி பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து நிற்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். மலேயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் கொண்டுபோன பாடம் அங்கே தனிக் கிளையாகவே வளர்ந்து நிற்கிறது. வட்டிக்கடைக்குக் கப்பலேறிய நம்மூர்ச் செட்டியார்களுக்கும் அந்தக் கூடங்களுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது ஆராய்ந்தால் நல்லது. அது என் வேலை இல்லை.

நம் சீமைக்கு வருவோம். மருது சகோதரர்களைச் சொல்லாமல் சிவகங்கையில் எந்தக் கட்டுரையும் நகராது என்று தெரியும். அதனால் மேடையில் வழக்கமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1830-இல் லண்டனில் அச்சாயின. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவர் அதில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ்தான் 1801-இல் மருதுவை வேட்டையாடிய படையிலும் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். அதற்குப் பிறகு பாளையச் சீமைகளில் கம்பெனி ஆயுதங்களைப் பறித்தது. வாளும் வேலும் போன ஊரில் கையில் மிஞ்சியது மாட்டுக்காரனும் வைத்திருக்கிற கம்பு. நம் பக்கத்துக் கம்பு விளையாட்டில் அலங்காரம் குறைவு, அடி நெருக்கம் அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. அவர்களும் நம் சங்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நம் சீமையிலுள்ள காரைக்குடிக்கும் ஒரு பெருமை உண்டு. சிலம்பத்தின் நுட்பத்தையும் அதை அளக்கும் முறையையும் பற்றி ஜே. டேவிட் மானுவேல் ராஜ் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் 1970-களில் இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தன. சிலம்பத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் செய்த ஆய்வு அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகம் வரை போனது. கம்பு சுற்றுகிறவன் வேலைவெட்டி இல்லாதவன் என்று ஊர் நினைத்த காலம் அது. அப்போதே இந்த ஆட்டத்துக்கு அளவுகோல் வேண்டும், எது நல்ல ஆட்டம் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இன்று நடுவராக நாற்காலியில் உட்காருகிறவர்களில் எத்தனை பேர் அந்த நூல்களைப் புரட்டியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வாத்தியாரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. படம் முகப்புப் பக்கத்தில் இருக்கிறது. ஊரணிக் கரையில் அவரிடம் பழகியவர்களுக்குத் தெரியும், முதல் ஆறேழு மாதம் கம்பு கிடையாது. கையை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் மட்டும்தான். ஒற்றைச் சுவடு, முன்னேறிப் பின்வாங்குவது, பக்கம் மாறுவது, பிறகு திரும்புவது. திரும்புவதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வோம். முன்பாதத்தின் பந்துமேட்டில் உடம்பின் பாரம் இறங்க வேண்டும். குதிகால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியிருக்க வேண்டும். முழங்கால் இளகியிருக்க வேண்டும். முதலில் கண் திரும்பும், அடுத்து இடுப்பு, அதன் பின் பாதம். கம்பு கடைசியில் தானாக வரும். நாங்கள் எல்லோரும் தோளைச் சுழற்றி உடம்பை இழுத்துப் பார்ப்போம். அப்போது பாதம் மண்ணில் தேய்த்துக்கொண்டு போகும். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தேய்ப்புச் சத்தத்தைக் கேட்டு, “யாருடா அது, கோலத்த அழிக்கிறவன்?” என்பார்.

பாடம் முடிந்ததும் மணலைப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஆற்று மணல் ஒரு வண்டி கொண்டுவந்து கொட்டி, வாரியால் சமன் செய்து வைத்திருப்போம். ஒருவன் நாலு திக்கும் சுவடு போட்டு முடித்த பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வருவார். குதிகால் பள்ளம் ஆழமாக இருந்தால் பாரம் பின்னால் நிற்கிறது. ஓரம் சிதைந்து மணல் ஒதுங்கியிருந்தால் தோளால் திரும்பியிருக்கிறான். ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் குறுக்கே விழுந்திருந்தால் கால் பின்னிக்கொண்டது என்று அர்த்தம். நிஜச் சண்டையில் அந்த இடத்தில்தான் விழுவான். நல்ல ஆட்டக்காரனின் மணலில் தடங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல், வட்டமாக, ஒரே ஆழத்தில் இருக்கும். அவன் ஆடியதை நாங்கள் பார்த்திருக்கவே வேண்டாம்.

கம்பைக் கொடுத்த பிறகும் திருத்தம் காலிலிருந்துதான் வரும். வீச்சில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் மணிக்கட்டைக் குறை சொல்ல மாட்டார். இடுப்பு எங்கே நின்றது என்று கேட்பார். கம்பு நுனியைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறவனைக் கணுக்கால் தண்ணீரில் ஊரணிக்குள் இறக்கிவிடுவார். தண்ணீருக்குள் காலைத் தேய்த்து இழுக்க முடியாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். பார்வை நுனியை விட்டு எதிராளி நிற்க வேண்டிய இடத்துக்குப் போய்விடும். தொடுமுறைக்கு அனுப்பியதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கம்பு நுனியில் சாயம் தோய்த்து, எதிராளியின் மேல் எங்கே பட்டது என்று எண்ணும் ஆட்டம் நமக்குப் பழக்கம்தான். அதில் ஜெயித்துவிட்டு வந்தவனிடமும் அவர் முதலில் கேட்பது, தொட்ட நேரத்தில் உன் பின்கால் எங்கே இருந்தது என்றுதான்.

காலைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு வீடியோ. என் தங்கை மகன் சூரிச்சில் வேலை பார்க்கிறான், குளிர்காலத்தில் பனிமலையில் ஸ்நோபோர்டு பழகுகிறான். விரல் மடங்காத கெட்டிப் பூட்ஸ், நீளமாய் ஒடுங்கிய பலகை. அந்த வகைப் பலகையில் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்குவதைக் கார்விங் என்கிறார்களாம். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் எஸ்டர் லெடெக்கா என்ற செக் நாட்டுப் பெண் அந்தப் பலகைப் போட்டியிலும் பனிச்சறுக்குப் போட்டியிலும் தங்கம் வாங்கியதைக் காட்டினான். பிறகு தன்னுடைய வீடியோவை அனுப்பி, “மாமா, என்ன தப்புன்னு சொல்லுங்க” என்றான். பனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவன் கீழே இறங்கிய பிறகு கேமரா மேலே திரும்பியது. பனியில் அகலமாகத் தேய்த்த தடம். கத்தியால் கீறியதுபோல் ஒரே கோடாக விழ வேண்டிய இடம் அது. அவனுடைய பயிற்சியாளரும் அதையேதான் சொன்னாராம். பலகையின் வளைந்த ஓரம் பனியைக் கடித்துப் பிடித்தால் முன்முனை போன பள்ளத்திலேயே பின்முனையும் போகும். தோளைத் திருகித் திருப்பினால் பலகை வழுக்கிச் சறுக்கும். இடுப்பாலும் முழங்காலாலும் பலகையைச் சாய்க்க வேண்டும், கண் முதலில் போக வேண்டும். ஊரணிக் கரையில் கேட்ட பாடத்தைச் சுவிட்சர்லாந்தில் காசு கொடுத்துக் கேட்கிறான். வேகம் எவ்வளவு, எத்தனை நேரம் நின்றான் என்று அங்கே யாரும் முதலில் கேட்பதில்லையாம். தடத்தைத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்களாம்.

இங்கே தடம் பார்க்க ஏது வழி? பிள்ளைகள் பூட்ஸ் போட்டுக்கொண்டு ரப்பர் விரிப்பில் ஆடுகிறார்கள். நம் சங்கத்தில் அப்படி இல்லை, இருந்தாலும் மழைக்காலத்துக்காக இருக்கும். பொதுவாகத்தான் சொல்கிறேன். பூட்ஸுக்குள் குதிகால் எழும்பியதா, பதிந்ததா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. விரிப்பில் தடம் விழாது. வாத்தியார் எதைப் பார்த்துத் திருத்துவார்? அதனால் திருத்துவதையே விட்டுவிட்டார்கள். கம்பு வேகமாகச் சுற்றினால் போதும் என்று ஆயிற்று. வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதால் கம்பு மெலிந்தது. நிழலில் காயவைத்து, தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் ஊறவைத்த கம்பு எங்கே, இன்றைக்குக் கடையில் விற்கிற வழுவழுப்பான குச்சி எங்கே? சில இடங்களில் விளக்கு எரிகிற பிளாஸ்டிக் குழாயே வந்துவிட்டது. இருட்டில் சுற்றினால் அழகாக இருக்கும். இருட்டில் யார் காலைப் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது சாதனை. ஆணிப் பலகையில் நின்று ஒரு மணி நேரம், பானை மேல் நின்று இரண்டு மணி நேரம், கண்ணைக் கட்டிக்கொண்டு, தலையில் கரகம் வைத்துக்கொண்டு. ஐந்து வயதுப் பிள்ளை பானை மேல் நிற்கிறது, பாவம். பானை மேல் நின்றால் சுவடு எப்படிப் போடும்? நின்ற இடத்தில் நின்று சுற்றுவதற்குக் காற்றாடி போதாதா? சிலம்பத்திலிருந்து காலை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்துக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். சான்றிதழுக்குக் கட்டணம், கேடயத்துக்குக் கட்டணம், மேடையில் நின்று போட்டோ எடுக்கத் தனிக் கட்டணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கல்யாண மண்டபத்தைக் கடந்தாலும் உள்ளே ஒரு உலக சாதனை நடந்துகொண்டிருக்கிறது. உலகத்துக்குத் தெரியுமோ என்னவோ. சலாம் வரிசையைப் பாட்டுக்கு ஏற்ற மாதிரி அரை நிமிடத்துக்கு வெட்டுகிறார்கள். குருவுக்கும் மண்ணுக்கும் சபைக்கும் போடுகிற வணக்கத்துக்கு நேரமில்லை, டிரோன் கேமரா சுற்றி வர நேரம் இருக்கிறது. மண்ணைத் தொட்டுக் கும்பிடக் குனிகிற பிள்ளை மண்டபத்து மார்பிளைத் தொட்டுக் கும்பிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. இப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் இந்தச் சீமையில் கால் உள்ள சிலம்பக்காரன் ஒருவனும் இருக்க மாட்டான்.

கோபம் அதிகமாகிவிட்டது என்று செயலாளர் தம்பி மேலே உள்ள பத்தியை வெட்டக்கூடும். அவருக்காக நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்துக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெண் பிள்ளைகள் எந்தக் காலத்திலும் இல்லாத அளவுக்குக் கூடங்களுக்கு வருகிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு பெண் ஊரணிக் கரையில் கம்போடு நின்றிருந்தால் பஞ்சாயத்து கூடியிருக்கும். சொல்லப்போனால், போன பொங்கலுக்கு ஆடியவர்களில் பின்கால் சரியாக நின்றது இரண்டு பெண் பிள்ளைகளுக்குத்தான். பயிற்றுவித்தவர் யார் என்று விசாரித்தேன். அவரும் ஊரணிக் கரைக்காரரின் மாணவர் என்றார்கள். வேறு வழியில் வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உள்ளதைச் சொன்னேன்.

கோரிக்கை ஒன்றுதான். வருகிற ஆண்டு விழாப் போட்டியில் இளையோர் பிரிவில் ‘காலடி’ என்று தனிப் போட்டி வைக்க வேண்டும். கம்பு கிடையாது, பூட்ஸ் கிடையாது, பாட்டு கிடையாது. மணல் பரப்பி, வெறும் காலில் நாலு திக்குச் சுவடு. ஆடுகிறவர் யார் என்று தெரியாதபடி நடுவர்கள் முதுகைத் திருப்பி உட்கார வேண்டும். ஆடி முடித்து வெளியே போன பிறகு தடத்தைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். யார் கூடத்துப் பிள்ளை, யார் பேரன் என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. செயற்குழுவில் இதைச் சொன்னபோது, மண்டபத்துக்குள் மணல் கொட்ட விடமாட்டார்கள் என்று பொருளாளர் சொன்னார். அப்படியானால் மண்டபத்துக்கு வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில் வைக்கலாம். ஒரு டிராக்டர் மணலுக்கான செலவு என்னுடையது. வாரிப் பெருக்கித் திரும்ப ஏற்றுவதற்கு ஆள்கூலியும் நானே தருகிறேன். மண்டபத்து மேனேஜரிடம் பேச வேண்டியது மட்டும் செயலாளர் தம்பியின் பொறுப்பு.