செனோஃபோனின் இரண்டு கடிவாளங்கள்

குதிரை பழக்குவது பற்றி இன்று எழுதுகிறவர்கள் பலரும் கொஞ்ச தூரம் போனதுமே செனோஃபோன் பெயரை இழுத்துவிடுவார்கள். கட்டாயப்படுத்திச் செய்யவைத்ததில் குதிரைக்குப் புரிதலும் இருக்காது, பார்ப்பவருக்கு அழகும் இருக்காது என்று அவர் சொன்ன கருத்துதான் காரணம். கி.மு. நாலாம் நூற்றாண்டிலேயே ஒரு மனுஷர் இப்படிச் சொல்லிவிட்டார் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கருத்து பதினோராம் அத்தியாயத்தில் வருகிறது. அதற்கு முன்னால் பத்து அத்தியாயம் இருக்கிறதே, அதை யாராவது படிக்கிறார்களா என்பதுதான் என் சந்தேகம். மோரிஸ் மார்கனின் 1893 ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு முழுசாகப் படித்ததில் எனக்குத் தோன்றியவை இவை.

முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடலாம். செனோஃபோன் ஏதென்ஸ்காரர், சாக்ரடீஸிடம் பழகியவர். கி.மு. 401-இல் பாரசீகத்துக்குள் போய் மாட்டிக்கொண்ட கிரேக்கக் கூலிப்படையை மீட்டுக் கொண்டுவந்த தலைவர்களில் ஒருவர். 'குதிரையேற்றம் பற்றி' என்ற இந்தச் சின்னப் புத்தகத்தைத் தன் இளைய நண்பர்களுக்காக எழுதினார். பன்னிரண்டு அத்தியாயம். அவருக்கு முன்னால் சைமன் என்ற இன்னொரு ஏதென்ஸ்காரர் இதே விஷயத்தை எழுதியிருந்தார். அதில் ஒரு துண்டுதான் இன்று மிச்சம். அந்தப் புகழ்பெற்ற கருத்தையே செனோஃபோன் சைமன் பேரில்தான் சொல்கிறார். பாராட்டில் பாதி சைமனுக்குப் போக வேண்டும்.

இனி நல்ல பக்கம். குதிரை வாங்கப் போனால் முதலில் காலைப் பார் என்கிறார். அஸ்திவாரம் சரியில்லாத வீட்டின் மேல்மாடி எவ்வளவு அழகாக இருந்து என்ன பிரயோஜனம்? அவர் காலத்துக் கிரேக்கத்தில் ஆணியடித்த லாடம் கிடையாது, அங்கவடியும் கிடையாது. குளம்பு தேய்ந்தால் குதிரை போச்சு. அதனால் குளம்பின் ஓடு தடிமனா, அடிப்பக்கம் நன்றாகக் குழிந்து மேலெழும்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். லாயத்துக்கு வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டி, தேய்த்துவிடும் நேரத்தில் குதிரையை அதன்மேல் நிறுத்தச் சொல்கிறார். ஈ கடிக்கும்போது காலை உதறி மிதித்துக்கொண்டே இருக்கும், குளம்பு இறுகும். குதிரையோடு வருஷக்கணக்காகக் கிடந்தவர்தான் இப்படி எழுத முடியும்.

பயம் பற்றிச் சொல்வது இதைவிட முக்கியம். குதிரை எதையாவது பார்த்து மிரண்டால் அடிக்காதே. அதன் பக்கத்தில் மெதுவாகக் கூட்டிப் போ, நீயே அதைத் தொட்டுக் காட்டு. அடித்தால் பயம் கூடும், ஏனென்றால் மிரட்டிய பொருளால்தான் வலி வந்தது என்று குதிரை நினைத்துக்கொள்ளும். பாவ்லோவ் தன் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளுக்கு இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே, எது எதோடு சேர்ந்து மனதில் பதிகிறது என்பதை இவர் கவனித்திருக்கிறார். கோபத்தோடு குதிரைகிட்டே போகவே கூடாது என்பதும் இதே அத்தியாயத்தில்தான்.

பத்தாம் அத்தியாயத்தில் இன்னொன்று. குதிரை கழுத்தை வளைத்து நீங்கள் கேட்டதைச் செய்த அந்த நொடியில் கையைத் தளர்த்திவிட வேண்டும் என்கிறார். இன்றைய பயிற்சியாளர்கள் 'அழுத்தமும் விடுவிப்பும்' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் இல்லைங்க, அது நீங்கும் நேரத்தால். தாமதமாக விட்டால் வேறெதையோ கற்றுக்கொள்ளும். குதிரையின் கவனம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு பெர்லின் 'கெட்டிக்கார ஹான்ஸ்' ஒன்றே போதும். கணக்குப் போட்டு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிய குதிரை அது. கேள்வி கேட்டவர் தன்னை அறியாமல் தலையை அசைக்கும் நொடியில்தான் அது தட்டுவதை நிறுத்துகிறது என்று ஆஸ்கர் பூங்ஸ்ட் கண்டுபிடித்து 1907-இல் எழுதினார். அப்படிப்பட்ட மிருகத்தின் முதுகில் உட்கார்ந்து வாரைச் சும்மா பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அது என்ன கற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது யாரும் எடுத்துக்காட்டாத பக்கம். அதே பத்தாம் அத்தியாயத்தில் செனோஃபோன் இரண்டு கடிவாள இரும்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஒன்று வழவழப்பானது. இன்னொன்றில் கூர்முட்கள் உண்டு. முதலில் முள் வைத்ததைப் போட வேண்டுமாம். அப்புறம் மழமழப்பானதைப் போட்டால் குதிரைக்கு அது சுகமாக இருக்குமாம். அதாவது இரண்டாவது இரும்பின் மென்மை, முதல் இரும்பு ஏற்படுத்திய வலியின் நினைவில்தான் நிற்கிறது. 'விடுவிப்பு' இனிக்க வேண்டுமானால் முதலில் வலிக்க வேண்டும் என்பதையும் அவர் தெரிந்தே வைத்திருக்கிறார்.

எட்டாம் அத்தியாயம் இன்னும் மோசம். பழக்கமில்லாத குதிரை பள்ளத்தைத் தாண்டத் தயங்கினால் பின்னாலிருந்து ஒருவர் சாட்டையாலோ கம்பாலோ ஓங்கி அடிக்கட்டும் என்கிறார். தேவைக்கு மேலேயே பாயும், அடுத்த முறை அடிக்கவே வேண்டாம், பின்னால் ஆள் வருவதைப் பார்த்தாலே தாண்டிவிடும் என்று திருப்தியோடு சொல்கிறார். சரி, ஆறாம் அத்தியாயத்தில் சொன்னது என்ன ஆச்சு? அங்கே அடி பயத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்றவர், இங்கே அப்படி ஒட்டிக்கொண்டதையே வெற்றியாகக் காட்டுகிறார். பள்ளத்தின் முன் நிற்கும் குதிரைக்கு இருப்பது பயமா, பிடிவாதமா? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு எனக்கு இந்தப் புத்தகத்தில் விடை கிடைக்கவில்லை.

கிடைத்திருக்கலாம் என்பதுதான் ஆதங்கம். லாயத்தை வீட்டிலிருந்து பார்க்கிற மாதிரி வை, குதிரை தீனியைக் கீழே சிந்தினால் அது நோய்க்கோ அசதிக்கோ அறிகுறி, உடனே கவனி என்று நாலாம் அத்தியாயத்தில் சொல்கிறவர் இவர். தீனியை மறுத்தால் உடம்பைப் பார்க்கிற மனுஷர், பள்ளத்தை மறுத்தால் கம்பைத் தேடுகிறார். இன்று பொறுப்பான பயிற்சியாளர் யாரும், குதிரை திடீரென்று முரண்டு பிடித்தால் முதலில் முதுகு, பல், குளம்பு, சேணம் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் சொல்வார். அந்த ஒரு படியைத் தாண்ட செனோஃபோனிடம் கருவி எல்லாம் இருந்தது. தாண்டவில்லை.

அவருக்காக வாதாடுகிறவர்கள், பின்னால் வந்தவர்களைப் பார் என்பார்கள். 1550-இல் நேப்பிள்ஸின் கிரிசோனே எழுதிய நூலில், அடங்காத குதிரையைக் கம்பில் கட்டிய பூனையைக் கொண்டு மிரட்டுவது வரைக்கும் இருக்கிறது. வாஸ்தவம், அதோடு ஒப்பிட்டால் செனோஃபோன் மகான். ஆனால் இன்னொருத்தர் அதிகம் கொடுமை செய்தார் என்பது இவருடைய முள்ளை மழுக்கிவிடாது.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. குட்டிக்கு மனுஷன் மேல் பாசம் வரவேண்டும் என்றால், பசியும் தாகமும் ஈக்கடியும் தனியாக இருக்கும்போது வரட்டும், தீனியும் தண்ணீரும் மனுஷன் கையால் கிடைக்கட்டும் என்கிறார். நல்ல யோசனை, வேலையும் செய்யும். ஆனால் இதைச் செய்வது எஜமானர் இல்லை, லாயக்காரன். பாதிப் புத்தகம் அவன் எங்கே நிற்கணும், எப்படித் தேய்க்கணும், எப்படிக் கூட்டிப் போகணும் என்ற கட்டளைதான். அந்தக் காலத்து வசதியான வீட்டில் அது பெரும்பாலும் அடிமையின் வேலை. குதிரையைக் கட்டாயப்படுத்தினால் அழகு போய்விடும் என்று கவலைப்படும் புத்தகத்துக்கு, அந்த ஆள் என்ன நினைத்தான் என்ற கவலை கிடையாது. அது எதற்கான அழகு என்பதும் தெளிவு: ஊர்வலத்துக்கும் போருக்கும். கடைசி அத்தியாயம் முழுக்கக் கவசமும் ஆயுதமும்தான்.

அப்போ புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். குதிரையோடு பழகுகிறவர்கள் ஆறாம் அத்தியாயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பத்தில் கையைத் தளர்த்தும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். எட்டில் வரும் கம்பை ஆறாம் அத்தியாயத்தை வைத்தே நிராகரிக்கலாம். அவருடைய புத்தகத்திலேயே அவருக்கு எதிரான ஆதாரம் இருக்கிறது, அது அவர் நேர்மையாகக் கவனித்து எழுதியதால் வந்தது. செனோஃபோனை அன்பின் முன்னோடி என்று படம் மாட்டி வைத்தால் இதெல்லாம் தெரியாமல் போகும். இனி யாராவது அந்தப் பதினோராம் அத்தியாயக் கருத்தைச் சொன்னால், பத்தாம் அத்தியாயத்தில் எத்தனை இரும்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.